கடிகாரத்தின் மேல் சோளம்

முதல் தடவை அது என் கைக்கடிகாரத்தின் மேல் விழுந்தது.
மணி ஏழு நாற்பது. அதற்கப்புறம் முள் தெரியவில்லை.
கண்ணாடி முழுக்க சோளமும்
வெதுவெதுப்பான ஒரு கூழும்.

ஊர்வேக்கு ஹெல்சிங்கி ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
மாதம் இருமுறை கப்பலேறி வருவாள்.
கிளி அவளுடையது. பொறுப்பு என்னுடையது.

"சாகப்போகிறான்" என்றேன் தொலைபேசியில்.
"யார்?"
"ருக்கிஸ்தான். இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஏதோ ஒரு தள்ளுவண்டி உருண்டுபோகும் சத்தம்.

தார்த்துவில் அன்று முழங்காலளவு பனி.
கூண்டுக்கு என் குளிர்கோட்டைப் போர்த்தி
மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன்.
எதிரில் இருந்த பையன் கேட்டான், உள்ளே கேக்கா என்று.
ஆமாம் என்றேன். கேக் சீட்டியடித்தது.

மருத்துவர் கெர்ஸ்தி அவசரப்படவில்லை.
தலையை உதறினானா? நாலாபக்கமும் தெறித்ததா?
முகத்து இறகெல்லாம் ஒட்டிக்கிடந்ததா?
உப்பிப்போய் கூண்டின் தரையில் குந்தியிருந்தானா?
அப்படியென்றால் வாந்தி. அப்படியென்றால் பயப்பட வேண்டும்.

இல்லை. கழுத்தை நீட்டினான்.
அடிகுழாய் அடிப்பதுபோல் மேலும் கீழும் ஆட்டினான்.
கண்மணி சுருங்கி விரிந்தது.
பிறகு, குறிபார்த்து, ஒரு பருக்கை சிந்தாமல்
வைத்தான். கக்கவில்லை; வைத்தான்.

தராசில் நானூற்று அறுபது கிராம். குறையவில்லை.
"முதுகைத் தடவிக்கொடுப்பீர்களோ?"
கொடுப்பேன். செய்தி பார்க்கும்போது,
கழுத்தில் தொடங்கி வால் வரைக்கும்.
சிறகடியில் கதகதப்பாக இருக்கும்;
விரலை அங்கேயே விட்டுவைப்பேன்.

அவர் சீட்டெழுதியபடியே சொன்னார்:
"ஹில்லார், நீங்கள் அவனிடம் காதலைச் சொல்லியிருக்கிறீர்கள்.
அவன் பதில் சொல்லியிருக்கிறான்."

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வயது ஐம்பத்து நான்கு.
அந்தச் சொல்லை
கட்டியவளிடம்கூட வாய்விட்டுச் சொன்னதாக ஞாபகமில்லை.

தலையை மட்டும் தொடுங்கள் என்றார்.
கண்ணாடியை எடுத்துவிடுங்கள், காலணிப் பெட்டியையும்;
இருட்டான பொந்தைக் கண்டால் குடித்தனம் வைக்கத் தோன்றும்.
சூடான கஞ்சி வேண்டாம்.
பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்கட்டும்.
டிசம்பரில் எங்கள் ஊரில் இருட்டுக்கா பஞ்சம்?
நான்தான் பதினொரு மணிவரை
விளக்கை எரியவிட்டு, தொலைக்காட்சியை ஓடவிட்டு
யாரோ வீட்டில் இருப்பதுபோல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுபடி கழுத்தை ஆட்டத் தொடங்கினால்
திட்டாதீர்கள், சிரிக்காதீர்கள், ஐயோ என்று சொல்லாதீர்கள்.
ஐயோவும் அவனுக்குக் கைத்தட்டல்தான்.
மெல்ல இறக்கிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

எழுந்து போனேன்.
சமையலறையில் நின்று சுவரைப் பார்த்தேன்.
இரண்டறை வீட்டில் அதற்குமேல் எங்கே போவது?
மூன்றாம் நாள் ரேடியோவின் குமிழுக்கு ஊட்டினான்.
ஐந்தாம் நாள் என் செருப்புக்கு.
ஆறாம் நாள் நான் தோற்றேன், ஒரே ஒரு தடவை,
வால் வரைக்கும்.
ஏழாம் நாள் மறுபடி முதலாம் நாள்.

காகிதத்தில் பாதாமைச் சுருட்டி
அட்டைக் குழாய்க்குள் திணித்துக் கொடுத்தேன்.
அதைக் கிழிக்க அவனுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.
திணிக்க எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஊர்வே வந்தாள், தொப்பியில் பனியோடு.
கோட்டைக் கழற்றுமுன் கை கூண்டுக்குள் போனது.
"தலை மட்டும்" என்றேன்.
திரும்பி என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

ராத்திரி பட்டாணி சூப் கொதித்தது.
கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, நீட்டினாள்:
"உப்புப் பார்."
இருபத்தாறு வருடமாக நீட்டுகிற கரண்டிதான்.
நான் வாயைத் திறந்தேன்.

கூண்டில் அவன்
கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மேலும் கீழும் ஒருமுறை ஆட்டினான்.
"உப்பு சரியா, இல்லையா?" என்றாள் ஊர்வே.